திருகோணமலையில் பழைய ரலி, ஹம்பர் சைக்கிள் வாங்கித் திருத்துவது எப்படி

பழைய இங்கிலாந்துச் சைக்கிளை விற்பவர் இரண்டைத்தான் முன்னுக்கு வைப்பார்: வயதும் பளபளப்பும். இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம். ரவுணில் எந்தச் சைக்கிள் கடையிலும் நாளைக்கே வாங்கக்கூடிய சாமான் அந்த வண்டியின் விலையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ரயர், ரியூப், செயின், போல்ஸ் (அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள்), பெடல், சில்லுக் கம்பி, பிறேக் கட்டை எல்லாம் இந்த வகை. காசு கொடுக்க வேண்டியது திரும்பக் கிடைக்காதவற்றுக்கு: நேரான பிறேம், அதனோடு பிறந்த முன் போர்க், போல்ஸ் உருளும் தேயாத கப்பும் கோனும், பின் சில்லின் நடுவில் உள்ள கியர் ஹப், முழுச் செயின் கவர், கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டுகளால் இழுபடும் கம்பிப் பிறேக்கின் மூட்டுகளும் தண்டுகளும், தோல் சீட். இந்த ஏழில் எத்தனை நல்லபடி இருக்கின்றன என்று எண்ணிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

எந்த வண்டி என்று கண்டுபிடிப்பது

முன் தகடு கழன்றுபோயிருந்தாலும் பெடல் பூட்டும் பெரிய பற்சில்லு ஆளைக் காட்டிக்கொடுக்கும். ரலியின் சில்லில் நாரை, ரட்ஜில் விரித்த கை, ஹம்பரில் மனித உருவங்கள் வெட்டப்பட்டிருக்கும். பி.எஸ்.ஏ.யில் மூன்று எழுத்துகளும் அப்படியே தெரியும். அதன் தகட்டில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். பேர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம், சைக்கிள் அதற்கு இரண்டாம் தொழில். 1957இல் அந்தச் சைக்கிள் பிரிவு ரலிக்குக் கைமாறியது. ஹம்பர் 1932இலும் ரட்ஜ் 1943இலும் அதே வீட்டுக்குள் வந்துவிட்டன. அதனால் 1950களின் ஹம்பரும் ரட்ஜும் உள்ளே பெரும்பாலும் ரலிதான். ஹம்பரின் முன் போர்க்கில் ஒவ்வொரு காலும் இரண்டு மெல்லிய குழாய்களாகப் போகும் மாதிரியும் உண்டு. அது நேராக இருந்தால் விட்டுவிடாதீர்கள். வளைந்திருந்தால் தொடாதீர்கள், அந்த இரட்டைக் குழாயை ஒழுங்காக நிமிர்த்துவது நடக்கிற காரியமில்லை.

ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று பேர் இருந்தால் மட்டும் இங்கிலாந்து வண்டி என்று எடுத்துவிடாதீர்கள். சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அந்தப் பேர்களிலேயே செய்தது. ஓடுவதற்கு அவையும் நல்லவை, உதிரியும் இலகு. ஆனால் விலை வேறு.

வருடத்தை அறிய பின் ஹப்பைத் துடையுங்கள். ஸ்டேர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளோடு வருடமும் மாதமும் குத்தியிருக்கும். 58, 4 என்றிருந்தால் 1958 ஏப்ரல். இது ஹப்பின் வயது, வண்டியின் வயது என்று சத்தியம் செய்ய முடியாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு வண்டியின் சில்லு இன்னொரு வண்டிக்குப் போவது சாதாரணம். கலப்பு வண்டி ஏமாற்று அல்ல. ஆனால் முழு வண்டியின் விலையைக் கலப்புக்குக் கொடுக்க வேண்டியதுமில்லை.

பார்த்து வாங்குவது

எங்கே நின்ற வண்டி என்று முதலில் கேளுங்கள். கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரையில் நின்றதும் தம்பலகாமத்து வயல் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றதும் ஒரே வருடத்து வண்டிகளாக இருந்தாலும் ஒன்றல்ல. கடற்காற்றின் உப்பு கரையிலிருந்து உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் கரியருக்குக் கீழே பாருங்கள். ஐஸ் உருகி வடிந்த உப்புத் தண்ணி பின் மட்காட்டின் இரு பக்கமும் இறங்கி, சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் மெல்லிய குழாய்களை அரித்திருக்கும். விறகு ஏற்றிய வண்டியில் அரிப்பு குறைவாக இருக்கும், ஆனால் பின் அச்சைப் பூட்டும் பிறேமின் காதுகள் விரிந்திருக்கும்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது நனைந்த வண்டிகளும் இன்னும் கைமாறுகின்றன. வெளியே பெயின்ற் அடித்திருப்பார்கள். சீட் தண்டைக் கழற்றிக் குழாய்க்குள் ரோச் அடியுங்கள். தடித்த செதில் செதிலான துரு, அடியில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் விட்டுவிட்டு வாருங்கள். சீட் தண்டு கழறவே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். விலையைக் குறைக்க அதைவிட நல்ல காரணம் இல்லை.

பிறகு முன் மோதலைத் தேடுங்கள். ஹாண்டில் குழாய்க்குப் பின்னால், மேற் பாரிலும் கீழ்ப் பாரிலும், பொருத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அடிப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். மோதிய வண்டியில் அந்த இடத்தில் சின்ன அலை தட்டுப்படும், பெயின்ற் குறுக்காக வெடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். அலை இருந்தால் பிறேம் முடிந்தது.

பின் பகுதி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் அச்சுக் காது ஒன்றில் நூலைக் கட்டி, முன்னே ஹாண்டில் குழாயைச் சுற்றி, மற்றக் காதுக்கு இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நிற்கும் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. 5 மி.மீ. என்றால் சில்லு ஒரு பக்கம் உரசிக்கொண்டே ஓடும்.

ஓட்டிப் பார்க்கும்போது வண்டி பாரமாக இருந்தால் உடனே "போல்ஸ் போயிட்டுது" என்று முடிவு கட்ட வேண்டாம். ஏ.டபிள்யூ. ஹப்பில் கேபிள் அறுந்தால் அது தானாகவே மூன்றாம் கியரில், அதாவது மிகப் பாரமான கியரில் நிற்கும். இந்த ஊரில் கேபிள் இல்லாமல் வருடக்கணக்காக அப்படியே மிதிபட்ட வண்டிகள் ஏராளம். ஹப்பிலிருந்து வெளியே வரும் சின்னச் சங்கிலியைக் கையால் முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைப் பெடலைச் சுற்றச் சொல்லுங்கள். முழு இழுவையில் சில்லு மெதுவாகச் சுழன்றால் முதலாம் கியர் உயிரோடு இருக்கிறது. பாதி இழுவையில் கொஞ்சம் வேகம், விட்டால் இன்னும் வேகம். மூன்றும் கிடைத்தால் விற்பவர் சொல்லும் குறையை மறுக்காமல் கேட்டு, விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறேம் இலக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சீட் பொருத்தின் பின்புறம் அல்லது பின் காதில் இருக்கும். அரத்தால் உரசிய இடம் இருந்தால் வாங்க வேண்டாம். பலமுறை இடம்பெயர்ந்த மாவட்டம் இது, பழைய ரசீதோ சைக்கிள் லைசன்ஸ் தகடோ வைத்திருப்பவர் அபூர்வம். அதனால் பிறேம் இலக்கம், விற்பவரின் பேர், அடையாள அட்டை இலக்கம், திகதி, தொகை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெட்கப்படும் விஷயமில்லை.

பழைய விலையை எப்படி எடைபோடுவது

"அப்பா அந்தக் காலத்தில் வாங்கின விலை என்ன தெரியுமோ" என்று பேச்சு தொடங்கும். அந்தத் தொகை இன்றைய விலைக்கு அளவுகோலே அல்ல. ஆனால் வண்டியின் காலத்தைப் பிடிக்க உதவும், அதனால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. 1967 நவம்பர் வரை ஓர் இங்கிலாந்துப் பவுணுக்கு 13.33 ரூபாய், ஒரு டொலருக்கு 4.76 ரூபாய். அந்த மாதம் நாணய மதிப்பைக் குறைத்ததில் டொலர் 5.95க்குப் போனது. 1977 நவம்பரில் பொருளாதாரத்தைத் திறந்தபோது ஏறக்குறைய 16 ரூபாய். 2022 தொடக்கத்தில் 200ஐ அண்டி இருந்தது, அதே வருடம் மே மாதத்தில் 360. ஆகவே இங்கிலாந்தில் 20 பவுண் போட்ட வண்டி 1960இல் கணக்குக்கு 267 ரூபாய், அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கம், கடைக்காரரின் இலாபம். யாராவது 1960இல் அதைவிட மிகக் குறைந்த தொகைக்குப் புது ரலி எடுத்ததாகச் சொன்னால், ஒன்றில் வருடம் பிழை, அல்லது அது பாவித்த வண்டி.

டொலரைப் பெருக்கி இன்றைய விலையைக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் சாமான் விலையும் சம்பளமும் டொலரோடு ஒரே வேகத்தில் ஏறவில்லை. அதைவிட நல்ல கேள்வி: "அப்போ அது எத்தனை மாசச் சம்பளம்?" வயதானவர்களுக்குத் தொகை மறந்திருக்கும். எத்தனை மாதம் தவணை கட்டினார்கள், எதை அடகு வைத்தார்கள் என்பது மறந்திருக்காது. அந்தக் கணக்கில் ஒரு நல்ல சைக்கிள் எவ்வளவு பெரிய பொருள் என்று தெரியும், ஏன் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்கள் என்பதும் விளங்கும்.

இன்னொரு விலை நினைவு ஆபத்தானது, அது பக்கத்துக் காலத்தது. 2021 டிசம்பரில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 470, அதுவும் வரிசையில் நின்றால்தான். அந்த மாதங்களில் ஓடக்கூடிய எந்தச் சைக்கிளுக்கும் கேட்ட விலை கிடைத்தது. அப்போது வாங்கியவர் இன்றும் அந்தத் தொகைக்குக் கீழே இறங்க மனம் வராமல் நிற்பார். வாதாட வேண்டாம், உங்கள் போன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சரியான விலைக்கு ஒரு வழி இருக்கிறது. கடையில் புதிதாக வாங்க வேண்டிய சாமான்களின் இன்றைய விலையை எழுதிக் கூட்டுங்கள்: இரண்டு ரயர், இரண்டு ரியூப், செயின், போல்ஸ் முழுத் தொகுதி, பெடல் கையைப் பிடிக்கும் கொட்டர் பின் இரண்டு, பிறேக் கட்டை நான்கு, கியர் கேபிள். ஒரு புது உள்ளூர் வண்டியின் விலையிலிருந்து அதைக் கழியுங்கள். மீதிதான் ஓடாத பழைய வண்டிக்கு மேல் எல்லை. மேலே சொன்ன ஏழில் ஆறோ ஏழுமோ நன்றாக இருந்தால் மட்டும் அந்த எல்லையைத் தாண்டலாம்.

கழற்றுவது

முதல் நாள் சுத்தியலைத் தொட வேண்டாம். டீசலும் மண்ணெண்ணெயும் சம அளவு கலந்து எல்லா நட்டிலும் விட்டு, இரண்டு இரவு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். இளகுவது போல் இருக்கும், சில மாதத்தில் பிசினாகிவிடும். கம்பிப் பிறேக்கைக் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு தண்டும் மூட்டுக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்று பெயின்ற் பேனாவால் கோடும் போடுங்கள். இந்தக் கோடு இல்லாமல் திரும்பப் பூட்டியவர்கள் அரை நாளை அதிலேயே தொலைப்பார்கள்.

அதிக வண்டிகள் நாசமாவது கொட்டர் பின்னில்தான். பெடல் கையை அச்சோடு பிடிக்கும் ஆப்பு இது. ஆப்பைக் கழற்ற எல்லோரும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி அதன் தலையைக் காளான் ஆக்கிவிடுவார்கள். பிறகு துளைபோட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. சரியான முறை: நட்டைக் கழற்றாமல், அதன் மேல்முகம் புரியின் நுனியோடு சமமாகும் வரை மட்டும் தளர்த்துங்கள். ஆப்பின் தலை நுழையக்கூடிய ஓர் இரும்புக் குழாயை, நிலத்திலிருந்து பெடல் கை வரை சரியாக நிற்கும் நீளத்துக்கு வெட்டி, தலைக்கு நேர் கீழே முட்டுக் கொடுங்கள். வண்டியின் பாரம் குழாயில் இறங்க வேண்டும். இப்போது ஒரு கிலோவுக்குக் குறையாத சுத்தியலால் நட்டின் மேல் ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் பலம் ஆப்புக்குப் போகாது, உள்ளே இருக்கும் போல்ஸுக்குப் போகும். ஒவ்வொரு போலும் கப்பில் ஒரு சின்னக் குழி போடும். பிறகு எத்தனை கிறீஸ் பூசினாலும் "கட கட" என்றுதான் சுற்றும்.

பெடல் அச்சைக் கழற்றும்போது இடப் பக்கத்து வளையத்தையும் கப்பையும் வழமை போல் இடஞ்சுழியாகத் திருகிக் கழற்றலாம். வலப் பக்கத்துக் கப் மறுபுரி. அது கடிகாரம் சுற்றும் திசையில்தான் கழறும். நன்றாக இருந்தால் அதைக் கழற்றாமலே விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். இடப் பெடலும் மறுபுரிதான்.

ஓர் எச்சரிக்கை. ரலி தன் பெடல் கப்புக்கும் முன் போர்க்குக்கும் ஓர் அங்குலத்துக்கு 26 புரி வைத்தது. மற்ற இங்கிலாந்து வண்டிகளிலும் இந்திய வண்டிகளிலும் பொதுவாக 24. கடையில் கிடைக்கும் 24 புரிக் கப்பை ரலியில் வைத்தால் முதல் இரண்டு சுற்று இலகுவாகப் போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் நிற்பாட்டாமல் நீளச் சாவி போட்டு முறுக்கினால் பிறேமின் புரி சீவிப் போகும். போர்க்கின் தலை நட்டுக்கும் இதுவே பொருந்தும். கழற்றிய நட்டையும் கப்பையும் தகர டப்பாவில் போட்டு மூடி, பேர் எழுதி வைப்பது இதனால்தான்.

இறுகிய சீட் தண்டுக்கு: வண்டியைத் தலைகீழாக வைத்து, பெடல் அச்சு இருந்த ஓட்டை வழியாகச் சீட் குழாய்க்குள் டீசல் கலவையை ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு சீட்டைக் கழற்றி, தண்டை வைஸில் இறுக்கிப் பிடித்து, பிறேமையே நெம்புகோலாக இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். ஹாண்டில் தண்டுக்கு, மேல் போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, பலகைத் துண்டு வைத்துத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு கீழே விழுந்து தண்டு விடுபடும்.

துருவும் பெயின்ற்றும்

தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்ப்பது இந்த ஊர் வழக்கம். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் உப்பு துருவின் குழிகளுக்குள் தங்கி, சில வாரத்தில் முன்னையிலும் மோசமாகத் துருவைக் கொண்டுவரும். கடற்கரை ஊரில் உப்பைப் போய் நாமே இரும்பில் தேய்ப்பதா? கரையோரக் கிணற்று உவர்த் தண்ணியால் கழுவுவதும் இதே கதைதான். கடைசிக் கழுவல் குழாய்த் தண்ணி அல்லது மழைத் தண்ணியாக இருக்கட்டும், முடிந்தால் சுடுதண்ணி. சூடான இரும்பு தானாக உலரும்.

குறோம் பூசிய றிம், ஹாண்டிலுக்கு அலுமினியத் தாளும் தண்ணியும் போதும். தாளைச் சின்ன உருண்டையாக்கி, நனைத்துத் தேய்த்தால் பழுப்புச் சேறு வரும். துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். உரத்த உப்புத்தாள் குறோமைக் கீறிவிடும், கீறலில் உப்பு உட்காரும். நட்டு, போல்ட், கொட்டர் போன்ற சின்னச் சாமான்களுக்கு ஒக்சாலிக் அமிலம் லீற்றருக்கு 40 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து ஓர் இரவு ஊற வையுங்கள். அது நஞ்சு. கையுறை வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் வேண்டும், வெளியில் காற்றோட்டமாகச் செய்ய வேண்டும். எடுத்தவுடன் அப்பச் சோடா கரைத்த தண்ணியில் அலசி, உலர்த்தி, அந்த நிமிடமே எண்ணெய் பூசுங்கள். பித்தளை மணிக்கு மட்டும் பழப்புளி. அதற்கு அதைவிட நல்லது இல்லை.

பெயின்ற் அடிக்கலாமா? பெரும்பாலும் வேண்டாம். பழைய கறுப்பும் அதன் மேல் ஓடும் தங்கக் கோடும் மங்கலாக இருந்தாலும் புதுப் பெயின்றைவிட மதிப்பு. மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் ஒரு சாண் இடமாகத் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணி, பிறகு கார் மெழுகு. முத்திரை ஒட்டிய இடத்தில் தின்னரோ பெற்றோலோ படக்கூடாது, ஒரு துடைப்பில் எழுத்து கையோடு வந்துவிடும். வெறும் இரும்பு தெரியும் இடங்களில் மட்டும் துருவைச் சுரண்டி, கறுப்பு இனாமலைச் சின்னத் தூரிகையால் தொட்டுவிடுங்கள்.

முழுவதும் அடித்தே ஆக வேண்டிய வண்டி என்றால் காலத்தைப் பாருங்கள். ஐப்பசி முதல் தை வரை மழை, ஈரத்தில் பெயின்ற் வெண்மை தட்டும். வைகாசி முதல் ஆவணி வரை பெயின்ற் நன்றாகக் காயும். ஆனால் கச்சான் காற்று மத்தியானத்துக்குப் பிறகு மணலை அள்ளிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் விடியற்காலை பனி உலர்ந்ததும் தொடங்கி, பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மணல் வீசித் துரு எடுப்பதைத் தவிருங்கள். பழைய குழாய் மெல்லியது, மணல் பெடல் அச்சுக்குள்ளும் போகும்.

குழாய்களின் உட்புறத்தை யாரும் கவனிப்பதில்லை. வண்டி முழுக்கக் கழன்று கிடக்கும்போது காய்ச்சிய லின்சீட் ஒயில் கால் போத்தலைச் சீட் குழாய்க்குள்ளும், போகும் ஓட்டை எல்லாவற்றுக்குள்ளும் விட்டு, பிறேமைச் சுழற்றிச் சுழற்றி எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, வடித்து, ஒரு கிழமை தொங்கவிடுங்கள். உள்ளே தோல்போல் காய்ந்து ஈரத்தைத் தடுக்கும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டோ தண்ணி வாளிக்குள் போட்டோ வையுங்கள்.

பூட்டுவது

போல்ஸை ஒன்று இரண்டு மாற்றாமல் தொகுதியாக மாற்றுங்கள். பழையது ஓரளவு தேய்ந்திருக்கும், புதிது பெரிதாக இருந்து பாரம் முழுவதையும் தானே சுமந்து உடையும். ரலியில் பொதுவாகப் பெடல் அச்சுக்கு ஒரு பக்கத்துக்குக் கால் அங்குல போல்ஸ் 11, முன் ஹப்புக்கு ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலம் 10, ஹாண்டிலுக்கு மேலும் கீழும் 5/32 அங்குலம் 25 வீதம். கழற்றும்போது எண்ணியதோடு ஒத்துப் பாருங்கள். கப் நிறைய அடைத்தால் ஒன்றையொன்று உரசும், ஒரு போல் இடம் காலியாக இருப்பதுதான் சரி. கோனில் கறுப்புக் குழி தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

ஏ.டபிள்யூ. ஹப்பைத் திறக்க அவசரப்பட வேண்டாம். எண்ணெய் மூடி வழியாக மண்ணெண்ணெய் விட்டு, சில்லைச் சுழற்றி, படுக்கவைத்து வடியுங்கள். கறுப்பு வருவது நிற்கும் வரை செய்யுங்கள். பிறகு மெல்லிய எஞ்சின் ஒயில் ஒரு தேக்கரண்டி, மாதம் ஒருமுறை சில துளி. உள்ளே கிறீஸ் அடைத்தால் சின்னத் தாழ்ப்பாள்கள் ஒட்டிக்கொண்டு கியர் நழுவும். புதுக் கேபிளைப் போட்டு, இரண்டாம் கியரில் வைத்து, வலப் பக்க நட்டில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். உள்ளே அசையும் தண்டின் தோள் அச்சின் நுனியோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இந்த ஒன்று சரியில்லாமல்தான் இரண்டாம், மூன்றாம் கியருக்கு நடுவே பெடல் சும்மா சுற்றும், ஏறி மிதிப்பவர் முழங்காலை ஹாண்டிலில் அடித்துக்கொள்வார்.

ரயர் வாங்கும்போது அளவை முழுவதும் வாசியுங்கள். கம்பிப் பிறேக் வண்டிக்கு 28 × 1½, அதன் வட்ட அளவு 635 மி.மீ. 28 × 1⅝ × 1⅜ என்பதும் "28" என்றுதான் விற்கும், அது 622, பொருந்தாது. கேபிள் பிறேக் வண்டிக்கு 26 × 1⅜, அது 590. இங்கிலாந்து வண்டியில் முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40. புது றிம் வாங்கும்போது ஓட்டையை எண்ணாமல் காசு கொடுத்தால் திரும்ப நடக்க வேண்டியதுதான். பிறேக் கட்டை றிம்மின் உட்பக்கத்தில் இரு பக்கமும் 2, 3 மி.மீ. விலகி நிற்கட்டும். நனைந்த குறோம் றிம்மில் அது மிகக் குறைவாகத்தான் பிடிக்கும். கட்டையை மாற்றினாலும் இந்தக் குறை முழுவதும் போகாது. மாரியில் கோணேசர் கோயிலடி இறக்கத்தில் இறங்குபவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தோல் சீட்டுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம். தேங்காய் எண்ணெய் தோலை இளக்கித் தொய்யவிடும், மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். தேன்மெழுகு கலந்த தோல் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள். முன் போல்ட்டை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டாம். ஆணியடியில் கிழிந்த தோல் திரும்பாது.

கடைசியாகக் கொட்டர் பின். புதிது 9.5 மி.மீ., அதன் சாய்முகம் அச்சின் வெட்டோடு முழுதாக ஒட்டும் வரை அரத்தால் மெதுவாக உரசுங்கள். இரு பெடல் கையும் நேர்கோட்டில் நிற்க, இரண்டு ஆப்பும் அவற்றின் கையைப் பொறுத்து ஒரே பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். ஒன்று மாறினால் கைகள் வளைந்தது போல் தெரியும், வீணாகப் பிறேமைக் குறை சொல்வார்கள். அதே இரும்புக் குழாயை எதிர்ப் பக்கம் முட்டுக் கொடுத்து, ஆப்பை அடித்து இறுக்கிய பிறகுதான் நட்டைப் பூட்ட வேண்டும். நட்டு ஆப்பை இழுக்க அல்ல, வெறுமனே பிடித்து வைக்க. 50 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை அடித்து, நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். உப்புவெளிக்கு ஒரு கிழமை வேலைக்குப் போய்வந்தால் அந்தத் தூரம் வந்துவிடும்.

வாங்கிய தொகை, ஒவ்வொரு உதிரியின் விலை, திகதி, அன்றைய பெற்றோல் விலை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, விற்பவர் தந்த தாளையும் அதற்குள் வைத்துவிடுங்கள்.